அங்கனயே நில்லுங்க

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான்: "அங்கனயே நில்லுங்க."

என் மகன் நவீனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று உறுதியாகி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்த்த அன்று அது. ஒரு தோளில் அவனையும், இன்னொரு கையில் பிளாஸ்கும் போர்வையும் திணித்த கட்டைப்பையையும் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றேன். உள்ளே இரண்டு கட்டில்கள். ஒன்றில் நாலு வயதுப் பெண்பிள்ளை. தலையில் முடியில்லை. பிஸ்கட்டைக் கடிக்காமல் சப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து கையை நீட்டி மறித்தார்.

"செருப்ப வெளிய விடுங்க. கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பையத் தரையில வைக்காதீங்க. பையனுக்கு மூக்கு ஒழுகுதா?"

"இல்லைங்க."

"ஒங்களுக்கு?"

"எனக்கும் இல்லைங்க."

நர்ஸ் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று யார் என்ன கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். கையைக் கழுவி, உள்ளே போய், நவீனைக் கட்டிலில் படுக்கவைத்த பிறகுதான் அவர் அந்தப் பெண்பிள்ளையின் அம்மா என்று தெரிந்தது. என்னைவிட வயதில் இளையவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் வார்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் கோச்சடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னைய எதுக்கு இதுல இழுக்குறீங்க" என்பார்.

அக்காவுக்கு அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் வயல் உண்டு. வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். பிள்ளையின் பெயர் யாழினி.

மருந்து ஏறும் நாட்களில் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும். அப்போது ஒரு சாதாரணச் சளிகூடப் பெரிதாகிவிடும். ஆகவே ஆட்களைச் சேர்க்காதீர்கள், வெளியில் விற்கும் பண்டமோ வேகவைக்காததோ கொடுக்காதீர்கள், கையைக் கழுவுங்கள் என்று சேர்க்கும்போதே எல்லோருக்கும் சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். பிறகு ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த சித்தப்பாவை எப்படி வாசலோடு அனுப்புவது என்று யோசித்து, ஐந்து நிமிஷம் பார்க்கட்டும் என்று விடுவோம். அக்காவுக்கு அந்த யோசனை கிடையாது. டாக்டர் சொன்னதில் அவர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒரு தடவை ஒரு குடும்பம் தங்கள் மகனின் பிறந்தநாளை வார்டில் கொண்டாட வந்தது. நல்ல மனிதர்கள். பெரிய கேக், பலூன், தலைக்குத் தொப்பி, போட்டோ எடுக்க ஒருவர். அக்கா அறை வாசலில் நின்றுகொண்டார்.

"கேக்க நர்ஸம்மாகிட்டக் குடுங்க. பொம்மையக் குடுங்க, கழுவிக்கிறேன். நீங்க உள்ள வராதீங்க."

"பாப்பாவோட ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்மா."

"பாப்பா தூங்குது."

யாழினி உள்ளே உட்கார்ந்து பலூனையே பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரிந்தது.

"போட்டோ எடுத்தே ஆகணும்னா என்னைய எடுங்க. நான் நிக்கிறேன்" என்றார் அக்கா. நின்றார். அவர்களும் எடுத்துக்கொண்டு போனார்கள். முகக்கவசம் போட்ட ஒரு பெண் கையில் கேக் இல்லாமல் நிற்கும் அந்தப் படம் இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ.

அளவு மீறியும் போவார். அறையில் இருந்த டி.வி. ரிமோட்டைப் பல கைகள் தொடுகின்றன என்று ஒருநாள் சோப்புப் போட்டுக் கழுவினார். அது செத்தது. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளும் ஒரே சேனலில் வயலும் வாழ்வும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வண்டி ஓட்டிவிட்டு வந்தால், கீழே குளிக்கும் அறையில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் மேலே வரவேண்டும். அவர் ஒருநாள் என்னிடம், "நான் இவளக் கட்டிக்கிட்டப்பகூட இம்புட்டுச் சுத்தமா இல்லீங்க" என்றார்.

யாழினியும் அதைப் பிடித்துக்கொண்டது. யாராவது கிட்டே வந்தால் குட்டிக் கையை நீட்டி, "தள்ளி நில்லு" என்னும். நவீனிடம் சொன்னது. நர்ஸிடம் சொன்னது. ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த புறாவிடம் சொன்னது. நாங்கள் சிரித்தோம். அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. "அவ சரியாத்தான சொல்றா" என்றார்.

பெரிய மருந்துகளெல்லாம் முடிந்தபின் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் மாத்திரை, அவ்வப்போது ஆஸ்பத்திரிக்கு வந்து சோதனை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கட்டத்துக்கு வந்திருந்தார்கள். முடி முளைத்திருந்தது. காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்பது கட்டளை.

அந்தத் தைப்பொங்கலுக்கு நடந்ததை அக்காவே பிறகு எனக்குச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் தை பிறந்தால் ஜல்லிக்கட்டுக்கு ஊர் நிறைய ஆட்கள் வருவார்கள். வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் இருப்பார்கள். விருந்தாளி இல்லாத வீட்டைத் துக்க வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டுக் கேட்டில் மட்டும் அந்த வாரம் பூட்டுத் தொங்கியது.

அக்காவின் அண்ணன் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரே அண்ணன். தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டு வந்தார். கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புதுப்பானை. பின்னால் அவர் மனைவி, பிள்ளைகள். தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று அண்ணன் இருமினார்.

"இருமுறியாண்ணே?"

"தொண்ட கமறுது. அம்புட்டுத்தான்."

"எப்பருந்து?"

"என்னத்தா, போலீஸ் மாதிரி கேக்குற? கதவத் தொற."

"தொறக்க முடியாது. சீர அங்கனயே வச்சுட்டுப் போ. நல்லானதும் வா."

"ஊரே பாக்குது பாத்துக்க."

"பாத்துட்டுப் போகட்டும்."

அண்ணன் கரும்புக்கட்டைக் கேட்டில் சாத்திவைத்தார். பானையையும் இறக்கிவைத்தார். "இனி ஒன் வாசல்ல என் கால் பட்டா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் மனைவி போகிற வழியெல்லாம் அழுதுகொண்டு போனாராம். மதினிக்கு அழுகை சீக்கிரம் வரும் என்றார் அக்கா. சீரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பானையக் கழுவிப் பொங்க வச்சேன். கரும்பு பச்சையாத் திங்கிறது. அதை மட்டும் மாட்டுக்குப் போட்டுட்டேன்."

அடுத்த வாரமே யாழினிக்குக் காய்ச்சல். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நவீனுக்கும் அப்போது லேசான காய்ச்சல் என்று அதே அறையில் இருந்தோம். நவீனுக்கு மருந்து ஏறியதும் காய்ச்சல் இறங்கிவிட்டது. யாழினிக்கு இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். இறங்கவில்லை. வயிறு உப்பியது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கின்றன என்றார்கள். ரத்த அணுக்கள் எல்லா வகையிலும் சரிந்துகொண்டே போயின. ஊசி குத்திய இடத்தில் அழுத்திப் பிடித்த பஞ்சை எடுத்தால் மறுபடியும் கசியும்.  வார்டில் எல்லா அம்மாக்கள் மனதிலும் ஒரே எண்ணம்தான் ஓடியது: பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது.

அக்காதான் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டார். "திரும்பிருச்சா?"

"எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாத்தாத்தாம்மா தெரியும்."

எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா அறைக்கே வந்து, கையைக் கழுவி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். 

"ரத்தப் புற்றுநோய் திரும்பல" என்றார். "ஆனா வேற ஒண்ணு நடக்குது. கிருமியோட சண்ட போடுறதுக்கு ஒடம்புல பல வகை அணுக்கள் இருக்கும்மா. கிருமி உள்ள வந்ததும் அதுல ஒரு வகை எந்திரிச்சிருச்சு. அது கிருமியோட நிக்காம, சொந்த ரத்த அணுவையே புடிச்சு முழுங்கிட்டிருக்கு. அதுக்கு நிறுத்தத் தெரியல."

அக்கா கேட்டார்:

"இத்தன நாளா எதிர்ப்புச் சக்தி கம்மின்னு சொன்னீங்க. இப்பக் கூடிப்போச்சுங்கிறீங்க. எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தாம்மா. நாங்க குடுக்குற மாத்திரையால ஒரு வகை கொறஞ்சு கெடக்கு. அதனால நோய் ஈசியா உள்ள வருது. வந்ததுக்கப்புறம் இன்னொரு வகை அளவு தெரியாம ஆடுது."

"எந்த நோயி வந்துச்சு?"

"அதத்தான் தேடணும். புள்ள ஒடம்ப இன்னொரு தடவ முழுசாப் பாக்கப் போறேன்."

தலையிலிருந்து பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள். சட்டையைக் கழற்றி முதுகு. கடைசியில் இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றை விரலால் விலக்கினார். கயிற்றுக்கு அடியில் ஒரு சின்னப் பொருக்கு. பீடியால் சுட்டது போலக் கறுத்து, சுற்றிலும் சிவந்து இருந்தது.

"இது எப்பருந்து இருக்கு?"

"கயிறு ஒரசுன புண்ணுன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டரம்மா. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. புதர்ப்பக்கம் பிள்ளை போனாளா என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா தலையாட்டினார். தெருவில் விளையாட விட்டால் ஆட்கள் தொடுவார்கள், மற்றப் பிள்ளைகள் தும்முவார்கள். ஆகவே பொங்கல் வாரம் முழுவதும், தெருவில் கூட்டமாக இருந்தபோது, ஆளே வராத இடமாகப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் கருவேலம் புதரை ஒட்டிய தரிசில் பாய் விரித்து விளையாட விட்டிருக்கிறார்.

டாக்டரம்மா பிள்ளைக்குச் சட்டையை மாட்டிவிட்டார். மேற்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொன்னார். அந்தக் கிருமிக்கு ஒரு மருந்து. ஆட்டம் போடும் அணுக்களை அடக்க ஸ்டீராய்டு. புற்றுநோய் மாத்திரைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது.

"அடக்குனா வேற நோய் தொத்தாதா?"

"தொத்தலாம்."

"மாத்திரைய நிறுத்துனா பழைய வியாதி வராதா?"

"கொஞ்ச நாள்தான் நிறுத்துறோம். வராதுன்னு நம்புறோம்."

"அடக்காட்டி?"

"புள்ள தாங்காதும்மா."

"குடுங்க" என்றார் அக்கா.

டாக்டரம்மா போனபின் அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். என் கட்டிலின் பக்கம் பார்த்து, சத்தம் கூட்டாமல், மோட்டார் ஓடவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்:

"ஆளையெல்லாம் வாசல்ல நிப்பாட்டுனேன் டீச்சர். அது கொல்லப்பக்கமா வந்துருச்சு."

 நீங்கள் எப்படி அக்கா அதைக் கண்டிருக்க முடியும் என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டமாதிரி இல்லை. அரைஞாண் கயிற்றைக் கத்தரியால் வெட்டி, காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பிள்ளைக்கு ரத்தமும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் திரும்பத் திரும்ப ஏற்றவேண்டியிருந்தது. கொடுக்க ஆள் வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் மறுநாள் நான் பால் வாங்கக் கீழே போனபோது, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடி உட்கார்ந்திருந்தார். மூக்கும் நெற்றியும் அக்காவுடையதே. கேட்டேன். அண்ணன்தான்.

"மேல வாரீங்களாண்ணே?"

"அவ வரச் சொன்னாளா?"

"சொல்லல."

"அப்ப வரல." டீயைக் குடித்துவிட்டு, "புள்ள கண்ணத் தொறந்துச்சா?" என்றார்.

மேலே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் டீக்கடை தெரியும்.

"சாப்ட்டானான்னு கேட்டீங்களா?"

"கேக்கல அக்கா."

"இட்லி வாங்கிக் குடுங்க. ரத்தம் குடுத்துட்டு வெறும் டீயக் குடிச்சுக்கிட்டு இருப்பான்." நான் திரும்பியதும், "மேல வரச் சொல்லிறாதீங்க" என்றார்.

இட்லியை அண்ணன் வாங்கிக்கொண்டார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அடுத்த நாளும் அந்த பெஞ்சில் இருந்தார். அதற்கடுத்த நாளும் இருந்தார். ஊரிலிருந்து ரத்தம் கொடுக்க மாப்பிள்ளைகள், பங்காளிகள் என்று பைக்கில் ஆட்களைக் கூட்டி வந்துகொண்டே இருந்தார். பொங்கலன்று தெருவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஒருவரும் படியேறி வரவில்லை. ஊருக்கே சொல்லிவைத்திருந்தார் போல.

காய்ச்சல் நின்றது ஒரு மத்தியானம். முதலில் ஒரு வேளை இறங்கி ஏறியது. பிறகு இறங்கியது இறங்கியபடியே இருந்தது. யாழினி தயிர்ச்சோறு கேட்டது. தயிர் கிடையாது, பால் ஊற்றிப் பிசைந்து தருகிறேன் என்றார் அக்கா. அது அழுதது. அத்தனை நாளும் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை தொண்டை கிழிய அழுததை நாங்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்று கேட்டோம். அக்கா எங்களைப் பார்த்து, "கூட்டம் போடாதீங்க" என்றார்.

அந்த வார்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். புற்றுநோய் மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்து, இரண்டு பேரும் முழுதாக முடித்தார்கள். மாத்திரை நின்று நாளாகி, காது குத்தலாமா என்று அக்கா கேட்டதற்கு டாக்டரம்மா, "தாராளமாக் குத்துங்க, ஜல்லிக்கட்டுக்குக்கூடக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம். இதை என்னிடம் போனில் சொன்ன அக்கா, "டாக்டரே இப்பிடிப் பேசுனா எப்பிடி டீச்சர்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

காதுகுத்துக்கு நானும் நவீனும் ஸ்கூட்டியில் போனோம். ஊருக்கு வெளியே அவர்கள் குலசாமி கோயில். சாமியானா, மைக் செட், இரண்டு அடுப்பு. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு தடவை வெற்றிலை பாக்குத் தட்டெடுத்துப் போய் அழைத்திருக்கிறார். 'அவ வந்து கூப்புடட்டும்' என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. அண்ணன் வராததால் அவர் தெரு ஆட்களும் வரவில்லை. நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன.

அக்கா பட்டுச்சேலையில் இருந்தார். முகக்கவசம் இல்லாமல் அவரை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். வாய் இவ்வளவு சின்னதா என்று நினைத்தேன். என்னிடம் வந்து, "வண்டிய எடுங்க டீச்சர்" என்றார்.

அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினோம். அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, ஓடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த வெள்ளைச் சட்டை. தலை வாரியிருந்தது. பக்கத்தில் பட்டுப் பாவாடையும், கம்மல் டப்பாவும் வைத்த தாம்பாளம். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

அக்கா உள்ளே போகவில்லை.

"அண்ணே, வா. காது குத்தணும்."

அண்ணன் டி.வி.யைப் பார்த்தபடியே, "யாரு கூப்புடுறா?" என்றார்.

"நான்தான் கூப்புடுறேன்."

"அன்னைக்கு ஊரே பாத்துச்சு."

"ஆமா. இன்னைக்கும் பாக்கட்டும். வா."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. அண்ணனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எழுந்து தாம்பாளத்தை எடுத்தவர், வாசல்படியில் நின்று தங்கச்சியைப் பார்த்தார்.

"கை கழுவணுமா?"

"கழுவணும்" என்றார் அக்கா.

அவர் தாம்பாளத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு தெருவைப் பார்த்து, "ஏப்பா, வாங்கப்பா" என்று சத்தம் போட்டார். கதவுகளுக்குப் பின்னால் எல்லோரும் கிளம்பித்தான் நின்றிருந்தார்கள்.

மாமன் மடியில் யாழினி உட்கார்ந்தது. ஆசாரி குத்தியபோது வீறிட்டு மாமன் கையைக் கடித்தது. ஒவ்வொரு காதிலும் ஒரு துளி ரத்தம் வந்து அதோடு நின்றது. அக்கா ஆசாரியைத் தள்ளிவிட்டு இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டது. அத்தைகள், சித்திகள், பெயர் தெரியாத பெண்கள் ஒவ்வொருவரும் கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுத்து, அடுத்த கைக்கு மாற்றினார்கள். நவீனுக்கும் கிடைத்தது.

அக்காவை எங்கும் காணவில்லை. பந்தி ஆரம்பித்த பிறகு தேடிப் போனேன். சமையல் கொட்டகைக்குப் பின்னால், அரிசி மூட்டையில் சாய்ந்து, பட்டுச்சேலையோடு கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் அண்டாக்கள் இழுபடுகின்றன, மைக்கில் பாட்டு ஓடுகிறது. ஒன்றுக்கும் அசையவில்லை. வார்டில் இருந்த நாட்களில் ஒரு தடவைகூட அவர் தூங்கி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுப்பட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன். "வேணாம். கெடக்கட்டும்" என்றார்.

கூட்டமெல்லாம் கலைந்து, சாமியானாவைப் பிரிக்கும்போது அக்கா எழுந்து வந்தார். பாதிச் சேலையில் அரிசித் தூசி. யாழினி ஒரு கூட்டம் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலையில் உட்கார்ந்தார். ஆறிப்போன சோறு. அண்ணன் பரிமாறினார். அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, மறுசோறு வாங்கி, அதையும் சாப்பிட்டு முடித்து, "சாம்பார்ல உப்பு இல்ல" என்றார்.